இருநூற்று முப்பத்தைந்து சதவீதம்

அன்னக்கொடி அழுதிருந்தால் நாகஜோதிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், ஃபேன் வேகத்தைக் கூட்டலாம். இவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்கிற குரலில் தன் புருஷனின் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புருஷன் பெயர் முத்திருளன். வயது நாற்பத்தொன்று. செக்கானூரணிப் பக்கம் எரிவாயுக் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியின் யார்டில் காவலாளி. எட்டு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். வலது கையில் மூன்று விரல்கள் முதலில் சிவந்தன, அப்புறம் கொப்பளித்தன, இப்போது கறுத்துக்கொண்டு வருகின்றன. குத்தினாலும் தெரியவில்லை என்கிறான். தீ பட்டதா, ஆசிட் பட்டதா, கரண்ட் அடித்ததா என்று டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

"சட்டையத் துவைக்கப் போட்டப்ப இது இருந்துச்சு" என்று ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள். "இதுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தம் இருக்கா? அது எங்க இருந்து வந்துச்சு, யார் யார் தொட்டாங்க, என்னைக்குத் தொட்டாங்க? எனக்கு அம்புட்டும் தெரியணும். போலீஸுக்கு மட்டும் போகவேணாம்."

ஏன் போகக்கூடாது என்று நாகஜோதி கேட்கவில்லை. பழங்காநத்தத்தில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மாடியில் இருக்கும் அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோருமே போலீஸுக்குப் போக முடியாதவர்கள்தான். கஸ்டம்ஸில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கி வந்து துப்பறியும் தொழில் செய்கிறவள் அவள். ஏழு மாதம் முன்பு கணவன் மாரடைப்பில் போனபிறகு, எதுவும் அவளுக்குச் சுள்ளென்று படுவதில்லை. காலையில் எழுகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், கேட்கிறாள், எழுதிக்கொள்கிறாள்.

அன்னக்கொடி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனதும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தங்க நிற மையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சான்றிதழ். இல்லாத ஓர் ஆணையத்தின் பெயரும், கஜகஸ்தான் என்ற நாட்டின் பெயரும் தலைப்பில் இருந்தன. கீழே, 'பதினேழு கிலோ அசல் யுரேனியம். இருநூற்று முப்பத்தைந்து சதவீதம் செறிவூட்டப்பட்டது.'

உதவியாளர் சிவனாண்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். டவுன் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனபிறகும் வாய் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

"இருநூத்து முப்பத்தஞ்சு சதவீதமெல்லாம் நடக்கிற காரியம்தான் மேடம். அறுபது பேர் ஏற வேண்டிய பஸ்ல நான் நூத்தி நாப்பத்தோரு பேரை ஏத்தியிருக்கேன்."

"பஸ்ல நடக்கும்ணே. யுரேனியத்துல நூறுக்கு மேல கிடையாது. இருநூத்து முப்பத்தஞ்சுங்கிறது அதுல ஒரு ரகத்தோட நம்பர். எழுதினவன் நம்பரைச் சதவீதம்னு நினைச்சுட்டான்."

கஸ்டம்ஸ் பயிற்சியில் படித்ததை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னாள். யுரேனியத்தை ஒரு நாட்டில் தோண்டுகிறார்கள், இன்னொரு நாட்டில் செறிவூட்டுகிறார்கள், மூன்றாவது நாட்டில் எரிபொருளாக்குகிறார்கள். ஒப்பந்தம் போட்டுச் சரக்கு வந்து சேர வருடக்கணக்காகும். ஒவ்வொரு உருளைக்கும் சீல், ஒவ்வொரு சீலுக்கும் கணக்குப் பார்க்க ஆள். விற்கிறவனுக்கும் பின்னால் ஒரு நாடு நிற்கும், வாங்குகிறவனுக்கும் பின்னால் ஒரு நாடு நிற்கும். காவலாளி சட்டைப் பையில் அதற்குச் சான்றிதழ் இருக்காது.

"அப்ப மோசடி."

"பேப்பர் மோசடி. கை மோசடி இல்லையே. நிஜமா வெந்திருக்கு."

சிவனாண்டி தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நான்கு மூலையிலும் கொடி ஓடி, கொடி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு மயில்.

"கஜகஸ்தான்ல மயில் இருக்கா மேடம்?"

"தெரியல."

"நம்ம ஊர் காதுகுத்துப் பத்திரிகையில இருக்கு. போன ஆவணியில என் மச்சினன் பேத்திக்கு அடிச்சமே, அதே பார்டர், அதே மயில். கழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு பாருங்க. ஆரப்பாளையத்துல கனகா பிரஸ்."

*

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் இருந்தது அச்சகம். முதலாளி கனகா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாளைப் பார்த்ததுமே ஒப்புக்கொண்டாள். காளை என்று ஓர் ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்துப் பிரதி அடித்துக்கொண்டான். நூறுக்கு மேல் சதவீதம் வருமா என்று கேட்டதற்கு, "அது ஃபாரின் குவாலிட்டிக்கா" என்றானாம். எதிர்ச் சந்து லாட்ஜில்தான் தங்கியிருக்கிறான். பாலிதீன் பையில் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான்.

"எத்தனை நாளாச் சரியில்லை?" என்றாள் நாகஜோதி.

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். வாந்தி வாந்தியா எடுத்தானாம். லாட்ஜ் பரோட்டாதான் காரணம்னு சொன்னான்."

வெளியே வந்து மதிய வெயிலில் நின்றார்கள். காளையைப் பார்க்கப் போவதென்றால் வாங்குகிற ஆளாகத்தான் போக வேண்டும். சிவனாண்டி சட்டைப் பட்டனை மேலே வரை போட்டுக்கொண்டார். மஸ்கட்டிலிருந்து ஒரு பார்ட்டி கேட்கிறது, தான் அவருடைய ஆள், இந்த அம்மா சரக்கைச் சோதிக்க வந்தவர் என்று வழியிலேயே கதையை முடிவு செய்துகொண்டார்.

*

லாட்ஜின் இரண்டாவது மாடி, கடைசி அறை. கதவைத் திறந்த காளை நல்ல இஸ்திரிச் சட்டை போட்டிருந்தான். முகம் மட்டும் வெளிறியிருந்தது. வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். தொடையில் வேனல் கட்டி என்றான். உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து டிராவல் பேக்கை இழுத்தான்.

"அட்டாச்டு பாத்ரூம், அட்டாச்டு யுரேனியம். நல்ல வசதி" என்றார் சிவனாண்டி.

காளை சிரிக்கவில்லை. துண்டை விலக்கினான். உரித்த தேங்காய் அளவில், கறுப்பாக, ஒரு பக்கம் அறுத்த தழும்போடு ஒரு கட்டி. தூக்கிப் பார்த்த சிவனாண்டிக்குக் கை இறங்கியது. ஈயம் இவ்வளவு கனக்காது.

"பவரைப் பாருங்க" என்று காளை ஒரு சின்ன மீட்டரை எடுத்து முடுக்கினான். கதிர்வீச்சு அளக்கிற கருவி, ஆன்லைனில் வாங்கியதாம். முடுக்கியதுமே மூச்சு விடாமல் கத்தியது. ரெண்டு கோடிக்குக் குறைந்து பேசாதீர்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அசல்தான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி என்று நாகஜோதி கேட்டாள். இதற்காகவே காத்திருந்தவன்போல் ஒரு மஞ்சள் தகட்டை நீட்டினான். கட்டி இருந்த பெட்டியிலிருந்து கழற்றியது, கம்பெனியே அடித்தது என்றான். தகட்டில் அடிபட்ட எழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. 'டெப்ளீட்டட் யுரேனியம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். காளை பின்னால் இருந்த வார்த்தையை மட்டும் படித்திருக்கிறான். முன்னால் இருந்த வார்த்தைக்கு, சாறு எடுத்துவிட்ட சக்கை என்று அர்த்தம். யுரேனியத்தைச் செறிவூட்டும்போது ஒரு பக்கம் சாறு சேர்கிறது. நாடுகள் வாங்குவதும் விற்பதும் அந்தச் சாற்றைத்தான். இன்னொரு பக்கம் சக்கை மிஞ்சுகிறது. அதற்கு வீரியம் குறைவு. மீட்டரை வைத்தால் முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

இது கத்துகிறது.

"அண்ணே, அந்தக் கட்டிய வராண்டாக் கோடியில கொண்டுபோய் வச்சுட்டு வாங்க."

"பதினேழு கிலோ மேடம். லக்கேஜ் டிக்கெட் யார் போடுறது?"

தூக்கிக்கொண்டு போனார். அவர் காலடிச் சத்தம் வராண்டாக் கடைசிவரை போய் நின்றது. மீட்டரின் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

காளை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேட்டரி மக்கர் பண்ணுதுபோல" என்றான்.

நாகஜோதி மீட்டரை வாங்கிக்கொண்டு ஓர் அடி நடந்தாள். கட்டில் பக்கம் எண் இறங்கியது. கதவுப் பக்கம் ஏறியது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பைக் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவிக் கொத்தில் விரல் நீளத்துக்கு முறுக்கிய கம்பித் துண்டு, நுனியில் பளபளவென்று ஒரு சின்ன உலோகக் குப்பி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டடி தூரத்தில் நிற்கும்போதே திரையில் எண் நின்றுபோய், அளவு மீறிவிட்டது என்ற குறி வந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பயம் வரவில்லை என்பதை மட்டும் கவனித்தாள்.

"காளை, வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க."

"பைக் சாவி..."

"அத விடுங்க. அதைத் தொடாம வெளிய வாங்க."

வராண்டாவில் வந்துகொண்டிருந்த சிவனாண்டியிடம், அந்த மாடியில் உள்ளவர்களையும் கீழ்மாடியில் உள்ளவர்களையும் இறக்கச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எப்போதும் மேடம் என்று கூப்பிடுகிறவர், "தங்கச்சி, நீ முதல்ல எறங்கு" என்றார். பிறகு இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கதவு கதவாகத் தட்டி, எல்லோரும் இறங்குங்கள், வண்டி இதற்கு மேல் போகாது என்று சொல்லிக்கொண்டே போனார். குரலில் வேடிக்கை இல்லை.

*

போலீஸ் வேண்டாம் என்ற அன்னக்கொடியின் பேச்சை மீறி நாகஜோதி போன் செய்ய, அரைமணி நேரத்தில் போலீஸ் வந்து சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியது. கல்பாக்கத்திலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஓர் அதிகாரி காரில் வந்துகொண்டே போனில் பேசினார். அறையை மூடிவிட்டு விலகி நிற்கச் சொன்னார். அவளும் சிவனாண்டியும் உள்ளே இருந்தது கால்மணி நேரம்தான் என்பதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஆனாலும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். காளையைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை காளை மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொன்னான்.

மூன்றாம் தேதி முத்திருளன் யார்டிலிருந்து மஞ்சள் பெட்டியைத் தூக்கிவந்து தன் வீட்டில் வைத்திருக்கிறான். குழாய்களின் வெல்டிங்கைப் படம் பிடிக்கிற பெட்டி அது. தகட்டில் யுரேனியம் என்று போட்டிருப்பதைச் செல்போனில் படம் எடுத்துக் காளைக்கு அனுப்பியிருக்கிறான். பேரம் பேச ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி இருவரும் கோச்சடையில் பூட்டிக் கிடந்த ஒரு லேத் பட்டறையில் வைத்துத்தான் பெட்டியை அறுத்தார்கள். உள்ளே இருந்து அந்தக் கம்பித் துண்டு விழுந்தது. முத்திருளன் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், அரைமணி இருக்கும். காளை வாங்கிச் சாவியில் கோத்துக்கொண்டான். ஒரு நாள் பேண்ட் பையில் போட்டுச் சுற்றினான். மறுநாளே வாந்தி வந்து படுத்துவிட்டான். சாவி ஆணியில் தொங்கியது. அப்புறம் பார்க்க வந்த முத்திருளன் சான்றிதழில் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

"அது என்னது மேடம்?" என்று கேட்டான்.

"இரிடியம்" என்றாள் நாகஜோதி, அதிகாரி போனில் சொன்னதை வைத்து. "படம் பிடிக்கிற கதிர் அதுல இருந்துதான் வருது. அந்தக் கறுப்புக் கட்டி அதைச் சுத்தி நின்ன சுவர்."

கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்று பித்தளைச் செம்பை விற்று, இரண்டு வருடம் முன்பு ஜெயிலுக்குப் போனவன் காளை. வெளியே வந்தபோது, இனி இரிடியம் என்ற பெயரையே எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தானாம். அதனால்தான் யுரேனியத்துக்கு மாறினான்.

சிவனாண்டி எதையோ சொல்ல வாயெடுத்தார். காளை பேண்ட்டின் தொடைப் பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தான். சிவனாண்டி வாயை மூடிக்கொண்டார்.

*

நாலு மணிக்குப் பெரியாஸ்பத்திரி வராண்டாவில் அன்னக்கொடியைப் பார்த்தார்கள். தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். நாகஜோதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு மாதம் முன்பு இதேபோல் ஒரு வராண்டாவில் அவள் உட்கார்ந்திருந்தபோது யாரோ வந்து முதுகைத் தடவினார்கள், அது எரிச்சலாக இருந்தது. அதனால் யாரையும் தடவவில்லை. இரிடியத்தைப் பற்றியும் காளை சொன்ன தேதிகளையும் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்காரர்தான் பெட்டியைத் திருடினார் என்று நேராகச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் அன்னக்கொடி.

சிவனாண்டி நின்ற இடத்திலிருந்து ஓர் அடி கிட்டே வந்தார்.

"கொண்டுவந்த அன்னைக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில வச்சாரு. பிள்ளை பாண்டிமீனா அந்தக் கட்டில்லதான் படுப்பா. ஏழு வயசு. இவருக்குக் கை இப்படி ஆனதுல இருந்து தினமும் காலையில அவளுக்குத் தலை சீவிவிட்டு, சீப்புல எத்தனை முடி வருதுன்னு பார்க்கிறேன். பெட்டியில எழுதியிருந்த பேரச் செல்போன்ல போட்டுப் பார்த்தேன், முடி கொட்டும்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டா பெட்டியப் பத்திச் சொல்லணும். சொன்னா இவரைக் கட்டிலோட போலீஸ் கட்டிப்போடும். சொல்லாட்டி பிள்ளைக்கு என்னன்னு தெரியாது. எட்டு நாளா இப்படியே உக்காந்திருக்கேன்."

அவள் நாகஜோதியைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பெட்டி உங்க வீட்ல இருந்தப்ப யாராவது திறந்தாங்களா?"

"இல்ல. அவருக்குத் திறக்கத் தெரியல. அதான் காளைகிட்ட போனாரு."

நாகஜோதி போனை எடுத்து, வழியில் இருந்த அந்த அதிகாரியைக் கூப்பிட்டாள். ஒன்பது நாள், கட்டிலுக்கு அடியில், மூடிய பெட்டி, மேலே ஏழு வயதுக் குழந்தை என்று வரிசையாகச் சொன்னாள். பூட்டு உடையாமல் இருந்ததா என்று மட்டும் அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, அதையே மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

மூடியிருந்தவரை வெளியே வந்தது மிகவும் சொற்பம் என்றார் அதிகாரி. பெட்டி செய்வதே அதற்காகத்தான். குழந்தைக்கும் தாய்க்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கட்டும், அது ஒரு நிச்சயத்துக்காக. முடி கொட்டாது. ஆனால் அப்பாவின் கைக்கு என்ன வைத்தியம் செய்கிறார்களோ அந்த டாக்டருக்கு இது இன்றே தெரிய வேண்டும். தீக்காயத்துக்குச் செய்கிற வைத்தியம் இதற்கு ஆகாது. விரல்கள் தப்பாது. மணிக்கட்டையாவது காப்பாற்றலாம்.

போன் அணைந்தது. அன்னக்கொடி துண்டின் நூல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கறுப்புக் கட்டிதான் பிள்ளைய மறைச்சிருக்கு" என்றார் சிவனாண்டி. "ரெண்டு கோடின்னான். சக்கைக்கு அம்புட்டு விலை கிடையாதுன்னு நினைச்சேன்." அதைச் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற இருவரும் துடைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் தானே பேசட்டுமா என்று நாகஜோதி கேட்டாள். போலீஸ் எப்படியும் காளையின் வாக்குமூலத்தோடு ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். அதற்கு முன்னால் வேண்டுமானால் ஒரு வக்கீலைக் கூப்பிடலாம்.

"வேணாம். நானே சொல்றேன்."

எழுந்து முதலில் வார்டுக்குள் போனாள். கதவு வழியே பார்க்க முடிந்தது. முத்திருளன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். அவள் குனிந்து நாலைந்து வார்த்தை சொன்னாள். அவன் திரும்பினான். கட்டுப்போட்ட கையைத் தூக்கி வேண்டாம் என்பதுபோல் ஆட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, வெளியே வந்தாள்.

டாக்டர் இளைஞர். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். அன்னக்கொடி சொன்ன வார்த்தையைக் கேட்டதும் களைப்பையும் மீறி அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. மதுரையில் அந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் வருகிற சிரிப்பு. யாரம்மா உங்களை ஏமாற்றியது, கலசமா, பழைய காசா என்று கேட்டார்.

"இரிடியம் டாக்டர்" என்றாள் மறுபடி. "குழாய் வெல்டிங்கைப் படம் எடுக்கிற பெட்டியில இருந்தது. பன்னெண்டாம் தேதி. அரைமணி நேரம் கையில வச்சிருந்தாரு. எங்க வீட்டுக்காரர்தான் திருடினாரு. எழுதிக்கங்க."

டாக்டரின் சிரிப்பு நின்றது. பையில் பேனாவைத் தேடினார். அவள் காத்திருந்தாள். பேனா கிடைத்ததும் தேதியிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.